ஐயா அனுப்பாத வாழ்த்து அட்டை

"பிள்ளை, நான் ஒருத்தருக்கும் காதல் கடிதம் எழுதேல்லை."

காலையில் வகுப்பைத் திறந்து, மேசைகளில் படிந்திருந்த உப்புப் பிசுபிசுப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் யோகநாதன் ஐயா நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் நீலமும் சிவப்புமாகப் பேனைகள், கையில் குடை. வெளியே மழையும் இல்லை, வெயிலும் இன்னும் ஏறவில்லை.

"எழுதினீங்கள் எண்டு ஆர் ஐயா சொன்னது?"

"எல்லாரும்தான்." கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். "என்ர மேலதிகாரி. கோயில் தலைவர். பல் டொக்டர். மெல்பேர்ன்ல இருக்கிற அக்கா. எல்லாருக்கும் என்ர பேரில ஒரு கார்ட் போயிருக்குப் பிள்ளை. இதயம் போட்டு. 'உன்னையே நினைச்சுக்கொண்டிருக்கிறன்' எண்டு இங்கிலீசில."

"மேலதிகாரி என்ன சொன்னவர்?"

"ரெலிபோன் எடுத்து, லீவு வேணுமோ எண்டு கேட்டவர்."

நான் குனிந்து, ஏற்கெனவே துடைத்த மேசையை இன்னொரு தரம் துடைத்தேன். சிரிப்பை மறைக்க வேறு வழி கிடைக்கவில்லை.

அப்போது திருகோணமலைச் சந்தைக்குப் பின்னால், ஒரு மாடி அறையில் நடந்த கொம்பியூட்டர் வகுப்பில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யன்னலைத் திறந்தால் இரண்டு கூரைகளுக்கு நடுவே துறைமுகம் ஒரு முழத் துண்டாகத் தெரியும். அந்தத் துண்டுக்குள் பெரும்பாலும் சாம்பல் நிறக் கடற்படைக் கப்பல் ஒன்று நிற்கும். சமாதானப் பேச்சு பழைய கதையாகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வகுப்பு முடிந்தபின் வீடு வீடாகப் போய்க் கணினி திருத்துவேன். இந்தத் தொடரை வாசிப்பவர்களில் சிலருடைய வீட்டுக்கும் வந்திருப்பேன். பயப்பட வேண்டாம், உங்கள் கணினிகளில் கண்டதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை.

சங்கிலியில் கட்டிய கணினி

யோகநாதன் ஐயா துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். ஐம்பதைத் தாண்டிய பிரமச்சாரி. உவர்மலையில் தாய் தகப்பன் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தார்.

அந்த வீட்டின் பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கேற்றில் ஆமைப்பூட்டு. விறாந்தைக் கம்பிக் கதவில் இன்னொன்று. முன்கதவுக்கு வெளியே ஒரு பூட்டு, உள்ளே ஒரு தாழ்ப்பாள், தாழ்ப்பாளுக்கு மேலே குறுக்குக் கட்டை. அக்கா அனுப்பிய காசில் வாங்கிய கணினியை அலுமாரிக்கும் சுவருக்கும் இடையே வைத்து, பெட்டியை மேசைக் காலோடு சைக்கிள் சங்கிலியால் கட்டியிருந்தார்.

இவ்வளவையும் கடந்து ஒருவர் உள்ளே போய்க் கணினியைப் போட்டால், அது எந்தக் கேள்வியும் கேட்காமல் திறந்துகொள்ளும்.

"கடவுச்சொல் போடேல்லையா ஐயா?" என்று முதல் தடவை போனபோதே கேட்டிருந்தேன்.

"வீட்டுக்குள்ள ஆர் பிள்ளை வரப்போகினம்?"

வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று இருந்தது. கணினி வாங்கிய அன்று கடைக்காரர் போட்டுக் கொடுத்தது. அதன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. 'என்னைப் புதுப்பியுங்கள்' என்று அது தினமும் திரையின் மூலையில் வந்து கெஞ்சும். ஐயா தினமும் அதை மிகவும் மரியாதையாக மூடிவிடுவார்.

"கள்ளன் கேற்றாலதான் வருவான் எண்டு நினைக்கிறீங்கள். ரெலிபோன் வயராலயும் வருவான் ஐயா."

அவர் சுவரோரமாக ஓடிய வயரைப் பார்த்தார். "அவ்வளவு மெல்லிய கள்ளனோ?"

அவருடைய கணினியில் ஓடியது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு விண்டோஸ். எக்ஸ்பி வந்து ஊரெல்லாம் மாறியபின்னும் ஐயா மாறவில்லை. கொஞ்சம் மெமரி கூட்டி, சிஸ்டத்தை மாற்றிவிடலாம் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். "ஓடுதுதானே பிள்ளை, ஓடட்டும்" என்பார். களஞ்சியத்தில் வேலை செய்கிறவர்களுக்கு எந்தப் பொருளையும் கழித்துவிட மனம் வராது என்று பிறகு விளங்கியது.

ஒருநாள் வேறொரு முறைப்பாடு சொன்னார்.

"கனகேஸ்வரி டீச்சர் அனுப்புற மெயிலுகளில கடைசியில பெட்டி பெட்டியா வருது. அவவின்ர பக்கம் ஏதோ வைரஸ் போல."

கனகேஸ்வரி டீச்சர் என்னிடம் படித்தவர். நாற்பதைத் தாண்டியவர். ஊர் தெற்குக் கரையில் வெருகலுக்குக் கிட்ட, இலங்கைத்துறை. சண்டையால் அங்கிருந்து இடம்பெயர்ந்து, டவுனில் தமையன் வீட்டில் தங்கி, இங்குள்ள பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தார். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கான நலன்புரிக் குழுவில் தன் ஊர்ச் சனத்துக்காக அவர் நின்றார். அதே குழுவில் ஐயா சாமான் கணக்கைப் பார்த்தார். பாய் வந்தது, பால்மா வரவில்லை என்று இரண்டு பேரும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பிக்கொள்வார்கள்.

"அது தமிழா இருக்கும் ஐயா. எங்கட வகுப்பு மிஷினில இருந்து தமிழில எழுதுறா. உங்கட பழைய சிஸ்டத்துக்கு அந்த எழுத்துத் தெரியாது. மாத்தினால் தெரியும்."

ஐயா சிறிது யோசித்தார். "முக்கியமான விஷயமெண்டா இங்கிலீசில எழுதியிருப்பாதானே? இது கடைசியில வாறது. பின்குறிப்புத்தான்."

ஆனால் அவற்றை அவர் அழிக்கவில்லை. 'பழுது' என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஓர் அடுக்குக்குள் போட்டு வைத்திருந்தார்.

மூன்று காவலாளிகள்

கதையை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். ஐயாவை மட்டும் பகிடி பண்ணினால் அவர் கோபிப்பார்.

குறிஞ்சாக்கேணியில் ஹனிபா நானா என்று ஓர் அரிசி வியாபாரி இருந்தார். அவர் ஐயாவுக்கு நேர்மாறு. எதையும் மாற்றுவார், எதையும் போடுவார். ஒருநாள் தன் கணினியைப் பழைய சாரத்துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு கிண்ணியாப் பாதையில் ஏறி, அக்கரை வந்து, பஸ் பிடித்து எங்கள் மாடிக்கு வந்தார். வெளியூர் வாசகர்களுக்காக: பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கும் மிதவைப் படகு. அப்போது அங்கே பாலம் இல்லை.

"மகள், மிஷின் அசையுதே இல்ல. சுளகுல அரிசி புடைக்கிற மாதிரிச் சத்தம் மட்டும் வருது."

திறந்து பார்த்தேன். நடைபாதையில் வாங்கிய மூன்று வைரஸ் தடுப்பு மென்பொருட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

"மூணு போட்டா நல்லம்தானே?"

"நானா, ஒரு வாசலில மூண்டு காவலாளியை நிப்பாட்டினால் ஆளை ஆள் பிடிச்சுச் சோதிச்சுக்கொண்டு நிப்பினம். கள்ளன் பக்கத்தால போயிடுவான்."

இரண்டை எடுத்துவிட்டேன். மூன்றாவதற்குள்ளேயே ஒரு வைரஸ் இருந்தது. அதையும் எடுத்துவிட்டு, நல்லதாக ஒன்றைப் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லி அனுப்பினேன். புதுப்பிக்காத தடுப்பு மருந்து போன வருடக் காய்ச்சலுக்குத்தான் உதவும். இதை அன்று முழு ஊருக்கும் சொல்லிப் பார்த்தேன். இன்றும் சொல்கிறேன்.

பிளக்கைக் கழற்றிய நாள்

திரும்பவும் அந்தக் காலைக்கு வருகிறேன். வகுப்பை உரிமையாளரிடம் ஒப்படைத்துவிட்டு ஐயாவோடு உவர்மலைக்குப் போனேன். பூட்டுகளைத் திறந்து முடிக்கும்வரை கேற்றில் நின்று துறைமுகத்தைப் பார்த்தேன். சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கிகள் வெயிலில் மினுங்கின.

முதல் வேலையாக ரெலிபோன் வயரைக் கணினியிலிருந்து கழற்றினேன். உங்களுக்கும் சொல்கிறேன்: கணினி தன்பாட்டில் ஏதாவது செய்யத் தொடங்கினால் முதலில் வெளியுலகத் தொடர்பைத் துண்டியுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

"என்னத்தைத் திறந்தீங்கள்?"

"நான் கண்ட கண்டதைத் திறக்கிறேல்லைப் பிள்ளை. உனக்குத் தெரியும்தானே. இது அக்கா அனுப்பினது. வாழ்த்து அட்டை எண்டு இருந்தது. அக்கா ஒருநாளும் எனக்கு வாழ்த்து அனுப்பினதில்லை, பாவம், இந்த முறை நினைச்சிருக்கிறா எண்டு திறந்தனான்."

அக்காவும் அனுப்பவில்லை. அவருடைய கணினியில் இருந்த புழு என்ற வகை வைரஸ், முகவரிப் புத்தகத்தில் தம்பியைக் கண்டு தானாகவே வந்தது. வந்து, ஐயாவின் முகவரிப் புத்தகத்தைத் திறந்து, அதில் இருந்த ஒவ்வொருவருக்கும் இதயம் போட்ட அட்டை ஒன்றை அனுப்பிவிட்டது. வாழ்நாளில் ஒரு பெண்ணிடம் நேரம் கேட்கக்கூடக் கூச்சப்படும் மனிதர், ஒரே மாலையில் ஒரு மாவட்டத்துக்கே காதல் சொல்லிவிட்டார்.

"எல்லாத்தையும் அழி பிள்ளை. ஒண்டும் வேண்டாம். கொம்பியூட்டரே வேண்டாம்."

"அழிக்கத்தான் வேணும். ஆனா அதுக்கு முதல் உங்கட மெயில், கணக்கு எல்லாத்தையும் சீடியில எடுத்துத் துப்புரவாக்கி வைச்சுப்போட்டுத்தான் அழிப்பன். எல்லாம் துடைச்சபிறகு ஐயோ எண்டு சொன்னால் என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

"என்ன இருக்கு அதில வைச்சிருக்க?"

"எடுத்து வைக்கிறன். இருந்தால் இருக்கட்டும்."

அவர் அலட்சியமாகக் கையை விசுக்கினார். அவருக்கு அப்போது ஒரே ஒரு கவலை. அட்டை போன அத்தனை பேருக்கும் உடனடியாக மறுப்புப் போக வேண்டும். ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதினார். முன்னர் தம்மிடமிருந்து வந்த செய்தி தம்முடையதல்ல என்றும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும், அதில் கூறப்பட்ட உணர்வுகள் எவையும் தமக்கு இல்லை என்றும் இருந்தது.

"கடைசி வரி தேவையோ ஐயா?"

"கட்டாயம் தேவை."

மத்தியானம் வகுப்புக்குத் திரும்பியபோது மூலைக் கணினியில் கனகேஸ்வரி டீச்சர் இருந்தார். சனிக்கிழமைகளில் மின்னஞ்சல் எழுத வருவது அவருடைய வழக்கம்; மற்ற நாட்களில் வந்ததைப் பள்ளிக்கூடக் கணினியில் பார்த்துக்கொள்வார். அன்று வெகுநேரம் ஏதோ எழுதி, அழித்து, திரும்ப எழுதினார். எழுந்து வந்தபோது முகம் தண்ணீர் பட்ட செடிபோல இருந்தது.

"போட்டு வாறன் பிள்ளை" என்றார். வழமையாக ஏதாவது சந்தேகம் கேட்பார். அன்று ஒன்றும் கேட்கவில்லை.

அவர் படியிறங்கிப் போனபிறகு, ஐயா எழுதித் தந்த மறுப்பை வகுப்பு முகவரியிலிருந்து எல்லோருக்கும் அனுப்பினேன். முகவரிகள் வரிசையாக இருந்தன. கனகேஸ்வரி டீச்சருடையதும் இருந்தது. அதில் எனக்கு ஒன்றும் விசேடமாகப் படவில்லை.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மரக்கறிச் சந்தையில் கண்டேன். கத்தரிக்காயைப் பார்த்தபடியே பேசினார்.

"மட்டக்களப்புக்கு மாற்றம் கேட்டிருக்கிறன். தங்கச்சி அங்கதானே."

"இந்த நேரத்திலயோ டீச்சர்? றோட்டுப் பூட்டினால் திரும்பி வர ஏலாதே."

"திரும்பி வந்து என்ன செய்ய?" என்றார்.

சண்டைக்குப் பயந்து போகிறார் என்றுதான் நினைத்தேன்.

சாவடியில் ஓர் இலவச ஆலோசனை

கடைசியில் ஐயா சிஸ்டத்தை மாற்றச் சம்மதித்தார். புது மெமரி கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருந்து, பிறகு அவருடைய பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வகுப்புக்குப் புறப்பட்டோம். பெட்டியைத் தனியாக அனுப்ப ஐயாவுக்கு மனமில்லை. லீவு போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சங்கிலியையும் கழற்றவில்லை. ஒரு நுனி பெட்டியில், மறுநுனி அவர் கையில்.

சோதனைச் சாவடியில் ஓர் இளம் சிப்பாய் எட்டிப் பார்த்தான். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"மே மொகத்த?"

"கொம்பியூட்டர்" என்றார் ஐயா.

சிப்பாய் சங்கிலியைப் பார்த்தான். ஐயாவைப் பார்த்தான். இறங்கச் சொன்னான். பெட்டியைத் திறக்கச் சொன்னான். என் கைப்பையில் இருந்த திருப்புளியை எடுத்தேன். இன்னொரு சிப்பாய் அதையும் வாங்கிப் பார்த்தான். வெயிலில் றோட்டோரம் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே தூசியும் ஒரு பல்லி முட்டையும். ஓட்டோக்காரர் எங்களைத் தனக்குத் தெரியாதவர்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நாட்களில் வயரும் பச்சைத் தகடும் உள்ள எதுவும் ஆளை உள்ளே தள்ளப் போதுமான காரணம். ஐயாவின் கைச் சங்கிலி மெல்லக் கிலுங்கியது.

அதிகாரி ஒருவர் வந்தார். பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சொன்னேன். வாழ்த்து அட்டை என்றதும் அவர் நிமிர்ந்தார்.

"இதயம் போட்டதா?"

"ஓம். உங்களுக்கும் வந்ததா?"

"என் மனைவிக்கு. கண்டியில். அவள் அலுவலகம் முழுக்கப் போயிருக்கிறது." குரலைத் தாழ்த்தினார். "என்ன செய்ய வேண்டும்?"

அங்கேயே, மணல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். முதலில் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். முக்கியமானவற்றைச் சீடியில் எடுக்கச் சொல்லுங்கள். எல்லாக் கடவுச்சொல்லையும் வேறொரு கணினியிலிருந்து மாற்றச் சொல்லுங்கள். பிள்ளையின் பெயரைக் கடவுச்சொல்லாக வைக்க வேண்டாம். அவர் தன் சிகரட் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

"பிள்ளையின் பெயர்தான் வைத்திருக்கிறோம்" என்றார் சங்கடமாக. பிறகு எங்களைப் போகச் சொன்னார்.

ஓட்டோ நகர்ந்ததும் ஐயா மூச்சு விட்டார். "பாத்தியே பிள்ளை. அவையளுக்கும் வந்திருக்கு." அட்டை வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் ஆறுதல் தெரிந்தது அப்போதுதான்.

பெட்டிகள் எழுத்தான மாலை

சிஸ்டம் ஏற்றி, தமிழ் எழுத்துக்கு வேண்டியதையும் போட்டு, சீடியில் எடுத்து வைத்த மின்னஞ்சல்களை வைரஸ் பார்த்துத் திரும்ப ஏற்றி, மறுநாள் மாலை ஐயாவின் வீட்டிலேயே கணினியைப் பொருத்திக் கொடுத்தேன். கடவுச்சொல் ஒன்றும் வைக்கப் பண்ணினேன். ரெலிபோன் வயரைக் கொளுவினேன். மோடம் கீச்சிட்டு, இரைந்து, அமைதியானது. இவ்வளவு நாளும் தேங்கியிருந்த பதில்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

பல் டொக்டர் தானும் அவரை நினைப்பதாகவும், கடைவாய்ப் பல் இன்னும் அடைக்கப்படவில்லை என்றும் எழுதியிருந்தார். கோயில் தலைவர், இதைப் பற்றி நேரில் பேசுவோம் என்றிருந்தார். ஐயா ஒவ்வொன்றுக்கும் நெற்றியில் கை வைத்தார்.

பிறகு ஒரு பெயரில் நின்றார்.

"டீச்சர் தமிழில எழுதியிருக்கிறா" என்றார். "பெட்டி இல்லை. எழுத்தாத் தெரியுது."

நான் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொருவருடைய கடிதத்தைத் தோளுக்கு மேலால் வாசிக்கக் கூடாது என்று வகுப்பில் படிப்பிக்கிறவள் நான். ஆனால் ஐயா வாசிக்கும்போது உதடு அசையும் பழக்கமுள்ளவர். மெல்லச் சத்தமும் வரும்.

"'கார்ட் கிடைத்தது. நானும் உங்களை நினைக்கிறேன். இதையெல்லாம் சொல்லும் வயது எனக்குத் தாண்டிவிட்டது. ஆனாலும் சொல்கிறேன்.'"

ஐயா திகதியையும் நேரத்தையும் பார்த்தார். எங்கள் மறுப்புப் போவதற்குச் சற்று முன்னர் அனுப்பப்பட்டிருந்தது. இதற்குப் பதிலாக டீச்சருக்குக் கிடைத்தது, அதில் கூறப்பட்ட உணர்வுகள் எவையும் தமக்கு இல்லை என்ற சுற்றறிக்கை.

"பிள்ளை" என்றார்.

பிறகு 'பழுது' என்று பெயரிட்ட அடுக்கைத் திறந்தார். ஒவ்வொன்றின் கடைசியிலும் இருந்த பெட்டிகள் எழுத்தாகியிருந்தன. ஒன்றில், இருமல் எப்படி, தூதுவளை கொண்டு வந்திருக்கிறேன், வாங்கிக்கொண்டு போங்கள் என்று இருந்தது. இன்னொன்றில், கடற்கரையில் உங்களைக் கண்டேன், கூப்பிட வெட்கமாக இருந்தது. வேறொன்றில், சீனன்குடாப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது, வேலையில் நின்றீர்களா, சுகம் என்று ஒரு வரி போடுங்கள்.

அந்தக் கடைசிக் கடிதத்துக்குத் தான் அனுப்பிய பதிலையும் ஐயா தேடி எடுத்தார். ஆங்கிலத்தில் ஒரே வரி. பாய்கள் வந்து சேர்ந்தன, குறித்துக்கொள்ளவும்.

வழமையாக நான் அவரைப் பகிடி பண்ணுவேன். அன்று பண்ணவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, போட்டு, திரும்பவும் கழற்றினார்.

"அவ எங்க இப்ப?"

"மட்டக்களப்புக்கு மாற்றம் கேட்டிருக்கிறா ஐயா. வந்தால் போயிடுவா."

பள்ளிக்கூட வாசலில்

அன்று மாலையே ஐயா தமிழில் பதில் அடிக்கத் தொடங்கினார். ஒற்றை விரலால். 'அன்புள்ள' வரைக்கும் வர அரை மணித்தியாலம் போனது. 'அன்புள்ள' கூடிப்போயிற்றோ என்று அழித்து 'மதிப்புக்குரிய' என்று போட்டார். அதையும் அழித்தார். எழுதி முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அனுப்புவதற்குப் போனால் ரெலிபோன் செத்துக் கிடந்தது. எங்கேயோ ஏதோ நடந்திருக்க வேண்டும், டவுன் முழுக்க இணைப்பு இல்லை. எப்போது வரும் என்று கேட்க எவரும் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விடும் நேரம் ஐயா என்னிடம் வந்தார்.

"தனியப் போக ஏலாது பிள்ளை. நீ தூரத்தில நிண்டால் போதும்."

வாசலுக்கு எதிரே வேப்பமரத்துக்குக் கீழே நான் நின்றேன். பிள்ளைகள் கலைந்தபின் டீச்சர் வெளியே வந்தார். ஐயாவைக் கண்டதும் நடை குறைந்தது. றோட்டு ஒடுக்கமானதால் பேச்சு எனக்குக் கேட்டது.

"டீச்சர், அந்தச் சுற்றறிக்கை உங்களுக்கில்லை."

"என்ர பேருக்குத்தானே வந்தது."

"எல்லாருக்கும் போனது. நீங்கள் எழுதினது எனக்கு அப்ப தெரியாது. நேற்றுத்தான் பாத்தனான். என்ர கொம்பியூட்டருக்குத் தமிழ் விளங்காமல் இருந்தது."

"உங்களுக்கு?"

ஐயா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "எனக்கும் பிந்தித்தான் விளங்கினது."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப வந்து நிக்கிறது நீங்களோ, வைரஸோ?"

"நான்தான்."

"அப்ப சொல்ல வந்ததைச் சொல்லுங்கோ."

ஐயா வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஹெலிகொப்டர் ஒன்று சீனன்குடா விமானத்தளத்தை நோக்கித் தாழப் பறந்து வந்தது. வேப்பிலையெல்லாம் கொட்டியது. அவர் சொன்னது எவருக்கும் கேட்கவில்லை. டீச்சர் காதில் கை வைத்து, என்ன என்று சைகை காட்டினார். சத்தம் குறையும்வரை நிற்கலாம் என்று ஐயாவுக்குத் தோன்றவில்லை போலும். களஞ்சியத்தில் லொறிக்காரரைக் கூப்பிடும் குரலில் கத்தினார்.

"உங்களை எனக்குப் பிடிக்கும் டீச்சர்! மட்டக்களப்புக்குப் போகாதேங்கோ!"

அதற்குள் ஹெலிகொப்டர் கடந்துவிட்டது. கடைசி வார்த்தைகள் றோட்டு முழுக்கக் கேட்டன. பாண் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மூலையில் காவலுக்கு நின்ற சிப்பாய் திரும்பிப் பார்த்தான். டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து நான் இரண்டு எட்டு வைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

மாற்றக் கடிதம் வந்தேவிட்டது. அதை நிறுத்துவதற்கு ஐயா கல்வி அலுவலகப் படியேறி இறங்கியது, பத்துப் புழுவை அழிப்பதைவிடப் பெரிய பாடு. கடைசியில் மாற்றம் நின்றுவிட்டது. றோட்டுகள் அடைபட்டு, ஊரில் ஆளுக்கு ஆள் முகம் பார்க்கப் பயந்த அந்த வருடத்தில், பதிவாளர் அலுவலகத்தில் அவர்களுடைய கலியாண எழுத்து நடந்தது. தமையன் குடும்பமும் நானும் மட்டும். நான் ஒரு சாட்சி. கோயில் தலைவர் வாக்களித்தபடி நேரில் வந்து பேசி, ஒரு தேங்காயும் தந்துவிட்டுப் போனார்.

எழுத்து முடிந்து தமையன் வீட்டில் பலகாரமும் தேத்தண்ணியும் தந்தார்கள். ஐயா விறாந்தையில் தமையனோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் குசினிக்குள் டீச்சரோடு நின்றேன். வெகு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"டீச்சர், அந்தக் கார்டைத் திறந்து பாத்த நேரம் உங்களுக்கு என்ன மாதிரி இருந்தது?"

"ஆர் திறந்தது?" என்றார் டீச்சர், தேத்தண்ணிக்குச் சீனி போட்டபடி.

"பின்ன?"

"தெரிஞ்ச ஆளிட்ட இருந்து வந்தாலும் மெயிலோட வாற இணைப்பை அனுப்பினவரைக் கேட்காமல் திறக்க வேண்டாம் எண்டு நீங்கள்தானே பிள்ளை வகுப்பில சொன்னீங்கள். நான் திறக்கேல்லை. தலைப்பைப் பாத்த உடனே வைரஸ் எண்டு விளங்கிட்டுது. இந்த மனிசன் இதயம் போட்டுக் கார்ட் அனுப்புற ஆளோ?"

என் வகுப்பில் எத்தனையோ பேர் படித்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரேயொரு மாணவியை அன்றுதான் கண்டேன். கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"வைரஸ் எண்டு தெரிஞ்சுகொண்டோ பதில் எழுதினீங்கள்?"

டீச்சர் விறாந்தைப் பக்கம் பார்த்தார். அங்கே ஐயா, தமையனுக்குக் கடவுச்சொல்லின் அவசியத்தை மிகுந்த அக்கறையோடு விளக்கிக்கொண்டிருந்தார்.

"அவர் தானா வாய் திறக்க இன்னும் பத்து வருஷம் செல்லும் பிள்ளை. இந்தச் சண்டைக்குள்ள அவ்வளவு நாள் இருப்பம் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு அவரிடம் போனார்.